பெட்டியில் எது, படத்தில் யார்?

மலர்க் குழுவினர் போன மாதம் போன் செய்து, "சார், 1987 செஞ்சி டூர் போட்டோ உங்ககிட்ட இருக்குமே, அனுப்புங்க. மறைந்த நண்பர்கள் பக்கத்துல போடணும்" என்று கேட்டார்கள். இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஆல்பத்தைப் புரட்டினேன். தேடிய நண்பன் அதில் இல்லை. 36 படங்களில் ஒன்றில்கூட முழுசாக இல்லை. ஓர் ஓரத்தில் கோடு போட்ட சட்டைக் கை ஒன்றும் கைக்கடிகாரமும் மட்டும் தெரிந்தன. அந்தக் கை அவனுடையது.

அப்படி ஏன் ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வரலாற்றுத் துறையில் படித்தவன் என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். நண்பர்கள் பொறுத்தருள்க.

காகிதமும் கண்ணாடியும்

பயணம் போகிறவர் எந்தக் கருவியை எடுத்துப் போவது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது புதிதல்ல. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை மெட்ராஸ் மாகாண அரசு 1856-ல் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1858-ல் அவர் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று நம்ம ஊர்களைச் சுற்றிப் படம் எடுத்தார்.

அன்று அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற கரைசலைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியும் விடுவது. படம் துல்லியமாக வரும். ஆனால் இருட்டுக் கூடாரமும் ரசாயனப் பெட்டிகளும் கூடவே வர வேண்டும். மற்றொன்று, மெழுகு பூசிய காகிதம். அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு, எடுத்த பிறகு சாவகாசமாகக் கழுவலாம். நம்ம ஊர் வெயிலுக்கும் மாட்டு வண்டிப் பயணத்துக்கும் அதுவே தோது. ட்ரைப் பெரும்பாலும் காகிதத்தையே நம்பினார்.

அதற்கு ஒரு விலை உண்டு. காகிதத்தில் பதிய வெகுநேரம் வெளிச்சம் வேண்டும். அதுவரை அசைகிறவர் யாரும் படத்தில் நிற்க மாட்டார். ஆள் நடமாட்டம் மிகுந்த மதுரையும் தஞ்சையும் அவர் படங்களில் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். கோபுரம் நின்றது, தூண் நின்றது. மனிதர்கள் கரைந்து போனார்கள்.

ஆனாலும் அந்த மனிதரின் பொறுமையை மெச்ச வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை ஒரே படத்தில் அடக்க எந்த லென்ஸாலும் முடியாது. அவர் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போய், 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். லென்ஸ் எட்டாத இடத்தைக் கால் எட்டியது.

சில ஆண்டுகள் கழித்து சாமுவேல் பூர்ன் கண்ணாடி வழியைத் தேர்ந்தெடுத்தார். 1863-ல் சிம்லாவிலிருந்து அவர் இமயமலைக்குப் புறப்பட்டபோது சுமை தூக்க மட்டும் சுமார் 30 பேர். 1866-ல் 18,600 அடி உயர மணிரங் கணவாய்வரை அந்தக் கண்ணாடிகள் ஏறின. பனிமலைகள் கண்ணைப் பறிக்கும்படி வந்திருக்கின்றன. அவற்றைச் சாத்தியமாக்கிய தோள்கள் பெரும்பாலான படங்களில் இல்லை.

கைக்குள் வந்த கேமரா

ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்நாக் ஆஸ்துமாக்காரர். ஆனால் மலையேறிப் படம் எடுக்க ஆசை. பெரிய கேமராவைச் சுமக்க மூச்சு இடம் தரவில்லை. சினிமா ஃபிலிமை வைத்து உள்ளங்கை அளவில் ஒரு கேமரா செய்தார். அதுதான் 1925-ல் லைப்சிக் சந்தைக்கு வந்த லைக்கா. 50 மி.மீ. லென்ஸ், ஒரு சுருளுக்கு 36 படம். 1930-லிருந்து லென்ஸைக் கழற்றி 35, 50, 135 என்று மாற்றவும் முடிந்தது. 'எதைக் கொண்டு போவது?' என்ற இன்றைய குழப்பம் அன்றே பிறந்துவிட்டது!

ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் அந்தக் குழப்பத்துக்குள் போகவே இல்லை. பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸோடு உலகைச் சுற்றினார். 1948-ல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலக் கூட்டத்துக்குள் அவரால் கரைய முடிந்தது. இப்போது மனிதர்கள் படத்துக்குள் வந்துவிட்டார்கள்.

1953 மே 29-ல் எவரெஸ்ட் உச்சியில் ஹிலாரி, குளிரில் உறையாதபடி சட்டைக்குள் வைத்திருந்த கோடாக் ரெட்டினா கேமராவை எடுத்து டென்சிங்கைப் படம் பிடித்தார். உலகமே பார்த்த படம். ஆனால் உச்சியில் ஹிலாரி நிற்கும் படம் கிடையாது. கேமரா அவர் கையில் அல்லவா இருந்தது!

ராஜகிரி உச்சியில்

இனி என் கதைக்கு வருகிறேன். வளைகுடாவிலிருந்து வந்த சித்தப்பா எனக்கு ஓர் எஸ்.எல்.ஆர். கேமரா கொடுத்திருந்தார். கூட இரண்டு லென்ஸ், 50-ம் 135-ம். சின்னதாக, சாதாரணமாக இருந்த 50-ஐ ஹாஸ்டல் டிரங்குப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, குழல் மாதிரி நீண்டிருந்த 135-ஐ மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பார்த்தவுடனே அவன் சொன்னான்: "என்னடா இது பீரங்கி மாதிரி? செஞ்சிக் கோட்டையைப் பிடிக்கவா போறோம்?"

உச்சியில் 14 பேரும் ஒரு குரூப் போட்டோ எடுக்க நின்றோம். கணக்கு எளிது. ஆள் நிற்கும் இடத்திலிருந்து 20 அடி தள்ளி நின்றால், 28 மி.மீ. லென்ஸ் சுமார் 25 அடி அகலத்தைக் காட்டும், 50 மி.மீ. 14 அடி; 135 மி.மீ. வெறும் 5 அடி. இன்னும் பின்னால் போகலாமென்றால் எனக்குப் பின்னால் பள்ளம். கடைசியில் மூன்று துண்டாக எடுத்தேன். ஒவ்வொரு முறையும் "நெருங்கி நில்லுங்கடா" என்று எல்லாரையும் ஒழுங்குபடுத்திவிட்டு அவன் கடைசியாக ஓடிப்போய் ஓரத்தில் நிற்பான். ஒவ்வொரு முறையும் வெட்டுப்பட்டான்.

என் தவிப்பைப் பார்த்துவிட்டு, தன் தோளில் தொங்கிய அக்ஃபா கிளிக் த்ரீயை எடுத்தான். நம்ம தலைமுறைக்குத் தெரிந்த, 12 படம் எடுக்கும் அதே எளிய பெட்டிக் கேமராதான். "நீயும் போய் நில்லுடா" என்று என்னையும் அனுப்பிவிட்டு ஒரே கிளிக். அந்தச் சின்னச் சதுரப் படத்தில் 13 பேரும் பளிச்சென்று சிரிக்கிறோம். எடுத்தவன் இல்லை.

'மாத்தி நில்லு, நான் எடுக்கிறேன்' என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். அப்போது தோன்றவில்லை. 2016-ல் அவன் காலமானான்.

மாணவ நண்பர்களுக்கு

டூர் போகும்போது அகலமான லென்ஸ் ஒன்றை விடாதீர்கள். பழைய ஃபிலிம் அளவில் 28 அல்லது 35. இன்றைய சிறிய சென்சார் கேமராவில் 18 மி.மீ.யே பழைய 28-க்குக் கிட்டத்தட்டச் சமம். உள் வெளிச்சத்துக்கு ஒரு 50. முகம் எடுக்கப் பிரியமிருந்தால் 85 அல்லது 105. ஸ்டீவ் மெக்கர்ரி 1984-ல் ஆப்கன் அகதிச் சிறுமியை எடுத்தது 105-ல்தான். அதற்கு மேல் தூக்குவதற்கு முன், பையை மாட்டிக்கொண்டு ஒருநாள் முழுக்க நடந்து பாருங்கள். தோள் தானாகப் பதில் சொல்லும். பணம் இல்லையென்றால் கவலை வேண்டாம். கையிலிருக்கும் போனின் பிரதான லென்ஸே குரூப் போட்டோவுக்குப் போதுமான அகலம் உள்ளது.

எதை மாட்டினாலும், எடுத்து முடித்ததும் கேமராவை இன்னொருவர் கையில் கொடுங்கள்.

கடைசியாக, 1987 செஞ்சி டூருக்கு வந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேறு யாராவது கேமரா கொண்டு வந்திருந்தால், பரணில் ஒரு நெகடிவாவது கிடந்தால், சங்கமத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். கோடு போட்ட சட்டை போட்டவன் முழுசாக இருக்கும் படம் ஒன்று போதும். இந்த மலருக்குப் பிந்திவிட்டது. அடுத்த மலருக்கு ஆகும்.