பத்து வாட் உரிமமும் சுயாதீன இசையும்: அமெரிக்க வானொலி வரலாறு குறித்த ஒரு மறுநோக்கு

திறவுச்சொற்கள்: பெருநிறுவன வானொலி, கல்லூரி வானொலி, சுயாதீன இசை, ஒலிபரப்பு உரிமம்

அமெரிக்க வானொலியில் ஒரே பாடல்கள் மீண்டும் மீண்டும் ஒலிப்பதால் நேயர்கள் கொண்ட சலிப்பை ஆராய்வோர் பெரும்பாலும் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்திலிருந்தே தொடங்குகின்றனர். அதற்குக் காரணம் உண்டு. அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. அச்சட்டம் இவ்வரம்பை நீக்கியது. பெருநகரங்களில் ஒரே நிறுவனம் 8 நிலையங்கள் வரை நடத்தவும் இடமளித்தது. சில ஆண்டுகளுக்குள் கிளியர் சேனல் நிறுவனத்திடம் சுமார் 1,200 நிலையங்கள் சேர்ந்தன. ஓர் ஊரில் பதிவு செய்யப்பட்ட அறிவிப்பாளர் குரல், வேறு பல ஊர்களில் உள்ளூர்க் குரலாக ஒலித்தது. எனினும் இவ்விளக்கம் பாதி வரலாற்றையே தருகிறது. சலிப்புற்ற நேயர் நாடிச் சென்ற மாற்றிடம் அச்சட்டத்திற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே சுருக்கப்பட்டுவிட்டது. அதைச் சுருக்கக் கோரியவர்கள் வணிக நிறுவனத்தாரும் அல்லர்.

1948இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் கல்வி நிறுவனங்களுக்கு 10 வாட் பண்பலை உரிமத்தை அனுமதித்தது. சில கிலோமீட்டர் தொலைவே எட்டும் இந்நிலையங்களுக்குச் செலவு குறைவு, விளம்பரம் கிடையாது, ஆகவே நேயர் எண்ணிக்கை குறித்த அச்சமும் இல்லை. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 1972இல் தொடங்கிய கேசிஎம்யூ இவ்வாறு 10 வாட்டில் பிறந்ததே. இன்று கேஇஎக்ஸ்பி என அறியப்படும் நிலையம் அதன் தொடர்ச்சியாகும்.

மாணவர் வானொலி என்பதாலேயே புதிய இசை தானாக ஒலித்துவிடவில்லை. ஒலிம்பியா நகரில் எவர்கிரீன் அரசுக் கல்லூரியின் கேஏஓஎஸ் நிலையம் இதற்குத் தக்க சான்று. அங்கு இசைப் பொறுப்பாளராக இருந்த ஜான் ஃபாஸ்டர், ஒலிபரப்பின் பெரும்பகுதி பெரும் இசைநிறுவனங்களைச் சாராத சிறு வெளியீட்டாளர்களின் இசைத்தட்டுகளாக இருக்க வேண்டும் என்பதை விதியாக்கினார். அத்தட்டுகளை அலமாரியில் எளிதில் கண்டுகொள்ள அவற்றின் உறைகளில் பச்சை நாடா ஒட்டப்பட்டது. ஒரு பாடலின் தரத்தை ஆராயும் முன்பே அதை வெளியிட்டவர் யார் என்று கேட்கும் இப்பழக்கம் பின்னர் ‘ஆப்’ என்னும் இதழாக விரிந்தது. 1979 முதல் 1984 வரை, ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓரிதழாக 26 இதழ்கள் வெளிவந்தன. சப் பாப் நிறுவனத்தின் புரூஸ் பேவிட், கே ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் கால்வின் ஜான்சன் இருவரும் கேஏஓஎஸ் நிலையத்தில் நிகழ்ச்சி நடத்தியவர்கள். பின்னாளில் வடமேற்கின் தனிக்குரல் எனப் போற்றப்பட்டது, முதலில் ஓர் அலமாரி ஒழுங்காகவே இருந்தது எனலாம்.

இத்தகைய நிலையங்கள் தழைத்துவந்த காலத்தில்தான் 1978ஆம் ஆண்டு ஆணை வந்தது. புதிய 10 வாட் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. இருப்பவை 100 வாட்டுக்கு உயர வேண்டும், இல்லையேல் தம் அலைவரிசைக்கான பாதுகாப்பை இழக்க வேண்டும். இதனைக் கோரியது பொது ஒலிபரப்புக் கழகம். கோடை விடுமுறையில் மௌனமாகிவிடும் சிறு நிலையங்கள், ஒரு வட்டாரம் முழுவதற்கும் பயன்படக்கூடிய அலைவரிசையை அடைத்துக்கொண்டிருந்தன என்ற அதன் வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஆனால் திருத்தத்தக்க குறைக்கு அது கேட்டது கதவடைப்பு.

1996க்குப் பின் நிகழ்ந்ததைச் சுருங்கக் கூறலாம். பணம் பெற்றுக்கொண்டு, அதை நேயருக்கு அறிவிக்காமல் பாடலை ஒலிபரப்புவது 1960இலேயே குற்றமாக்கப்பட்டிருந்தது. இசைநிறுவனங்கள் இடைத்தரகர் வழியாக அதைக் கடந்தன. அத்தரகர்களுக்கு வழங்கிய பெயர் ‘சுயாதீன விளம்பரதாரர்’ என்பது கசப்பான வேடிக்கை. 2007இல் நான்கு வானொலி நிறுவனங்கள் 1.25 கோடி டாலர் செலுத்த இசைந்தன. சுயாதீனக் கலைஞர்களுக்கு 8,400 அரைமணி நேரத் துண்டுகளை ஒதுக்கவும் ஒப்பின. இடம் இங்கு உரிமையாக அன்றி, வழக்குத் தீர்வின் பகுதியாகவே வந்தது.

சிறு உரிமம் மீண்டும் தோன்றியது 2000ஆம் ஆண்டு ஜனவரியில். குறைதிறன் பண்பலை என்னும் புதிய பிரிவை ஆணையம் உருவாக்கியது. அதன் உச்சவரம்பு 100 வாட், அதாவது 1978இல் கீழ்வரம்பாக வைக்கப்பட்ட அதே அளவு. அலை இடையூறு ஏற்படும் என வணிக ஒலிபரப்பாளர் சங்கம் எதிர்த்தது. தேசியப் பொது வானொலியும் அதனுடன் நின்றது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பெருநகரங்களில் இந்நிலையங்களுக்கு ஏறக்குறைய இடமில்லாமல் செய்தது. அச்சட்டமே கோரிய தொழில்நுட்ப ஆய்வு, அஞ்சத்தக்க இடையூறு இல்லை என 2003இல் தெரிவித்தது. அதன் பின்னும் தடை விலக 2011 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2000ஆம் ஆண்டு விதிகளில் 10 வாட்டுக்கும் ஒரு வகுப்பு இருந்தது. அதற்கு விண்ணப்பங்களே அழைக்கப்படவில்லை; 2012இல் ஆணையம் அவ்வகுப்பை நீக்கியது.