பாட்டுக்குக் கூலி

திருட்டு வி.சி.டி. என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. படத்தைக் கள்ளத்தனமாகப் பிரதி எடுத்து விற்றால் அதற்கு அந்தப் பெயர். ஆனால் "திருட்டுப் பாட்டு" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேசட் காலத்தில் பாட்டைப் "பதிவு பண்ணினார்கள்". பிறகு "சி.டி. போட்டார்கள்". அப்புறம் செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்துப் "பாட்டு ஏத்தினார்கள்". பெரம்பலூரிலும் அரியலூரிலும் கடைத்தெருவில் பட்டப்பகலில் போர்டு வைத்து நடந்த வியாபாரம் இது. போலீஸ்காரர்களும் அதே கடையில்தான் பாட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சட்டத்தின் கண்ணில் படத்தைப் பிரதி எடுத்து விற்பதும் பாட்டைப் பிரதி எடுத்து விற்பதும் ஒரே குற்றம்தான். நம் மனசு மட்டும் ஏன் இரண்டையும் வேறு வேறாகப் பார்த்தது? அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு அது சரியான பதிலாகத் தெரியவில்லை. பாட்டு என்பது விலைக்கு வாங்கும் சாமான் என்ற எண்ணமே நம் பக்கத்தில் ரொம்பத் தாமதமாக வந்தது. அதைச் சொல்ல உடையார்பாளையத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கனம் கிருஷ்ணையர் நம் பக்கத்துப் பெரிய திருக்குன்றத்துக்காரர். தஞ்சை அரண்மனையில் பெயர் வாங்கியவர். பிற்பாடு உடையார்பாளையம் ஜமீனில் கச்சிக் கல்யாணரங்கர் ஆதரவில் சமஸ்தான வித்துவானாக இருந்தார். அவர் செய்த பதங்களை இன்றும் கச்சேரிகளில் பாடுகிறார்கள். ஆதரித்த ஜமீன்தார் பெயரையும் பாட்டுக்குள் வைத்துப் பாடியவர் அவர். அவருக்கு உறவினர், சீடர் இரண்டுமாக இருந்தவர் வேங்கடசுப்பையர். அந்த வேங்கடசுப்பையரின் மகன்தான் உ.வே. சாமிநாதையர்.

'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அரியலூர், குன்னம், கார்குடி, பெரம்பலூரை ஒட்டிய செங்கணம் என்று நம் ஊர்களாகவே வரும். வேங்கடசுப்பையர் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய், அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடி இராமாயணக் கதை சொன்னார். ஊரார் செய்த உதவியில் குடும்பம் நடந்தது, பையன் படித்தான். அருணாசலக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டுக்காரர், சீர்காழியில் வாழ்ந்தவர். அவர் பாட்டைப் பாட யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பாட்டு ஊருக்குப் பொது. ஆனால் பாடினவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மரக்கால் நெல்லாவது கொடுக்காமல் எழுந்து போனால் பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பான். பாட்டு இலவசம், பாடுகிற உழைப்புக்குக் கூலி உண்டு. இதுதான் அந்தக் கால ஏற்பாடு.

அதை ரொம்பப் புகழ்ந்துவிடவும் வேண்டாம். யாருக்கு நெல், யாருக்குச் சால்வை, யாரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திக் கூலி போடுவது என்பதையெல்லாம் ஜாதி பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். பறையடித்தவருக்குக் கிடைத்ததும் பாகவதருக்குக் கிடைத்ததும் ஒன்றல்ல.

பாட்டையும் பாடுகிறவரையும் இயந்திரம் வந்துதான் பிரித்தது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதை கிராமபோன் கம்பெனிக்காரர்கள் பதிவு செய்தார்கள். சில வருஷத்தில் கல்கத்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலையே வந்துவிட்டது. சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வியாபாரம் செய்த மெய்யப்பச் செட்டியார்தான் பிறகு ஏ.வி.எம். ஆனார். பாட்டுக்குச் சொந்தக்காரர் என்று பாடாத, எழுதாத ஒருவர் வருவது அப்போதுதான்.

அதனால் என்ன ஆகும் என்பது பாரதியார் விஷயத்தில் வெட்டவெளிச்சமானது. 1921-ல் அவர் காலமானார். அவர் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கிற உரிமை பம்பாய் வியாபாரிகளிடம் போய், அங்கிருந்து மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. 1947-ல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகளைத் தமிழ்நாடே பாடியது. அடுத்து டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது வழக்கு என்று ஆகிவிட்டது. பாரதி பாட்டைப் பாட இன்னொருவரிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்களும் பொதுமக்களும் கொதித்தார்கள். செட்டியார் தம் உரிமையை விலை வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1949-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், பாரதி படைப்புகள் நாட்டுடைமையாயின. ஒரு கவிஞனின் எழுத்தை அரசாங்கம் வாங்கி ஜனங்களுக்குக் கொடுத்தது அதுவே முதல் முறை என்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அப்போது தமிழ்நாட்டு மனசில் ஒன்று ஆழமாகப் பதிந்தது என்று நினைக்கிறேன். பாட்டு நம்முடையது, உரிமை கேட்கிறவன் வியாபாரி என்ற எண்ணம். பிறகு வந்த எல்லாப் பிரதிக்கும் அதுவே சமாதானமாகிவிட்டது.

காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்து, 1958 ஜனவரியில் அமலானது. அது நம் ஊருக்கு எட்டியதாக யாரும் சொல்ல முடியாது. அப்போது இங்கே கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றால் ரேடியோ செட்டுக்காரர் மரத்தில் குழாயைக் கட்டி இசைத்தட்டுப் போடுவார். தட்டைப் பிரதி எடுக்க யாராலும் முடியாது, ஆகையால் பிரச்சினையும் இல்லை.

கேசட் வந்ததும் கதை மாறியது. பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கண்டுபிடித்தது, நம் பக்கம் வந்து சேர 10, 15 வருஷம் ஆயிற்று. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், வளைகுடா போனவர்கள் விடுமுறைக்கு வரும்போது டூ-இன்-ஒன் பெட்டி கொண்டுவருவார்கள். அதைப் பார்க்கவே வீட்டில் கூட்டம் கூடும். பின்னாலேயே ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. கடையில் கோடு போட்ட நோட்டு இருக்கும். படத்தின் பெயர், பாட்டு, நம்பர். நமக்கு வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மெல்ட்ராக் கேசட்டோ டி.டி.கே.யோ, 60 நிமிஷமா 90 நிமிஷமா என்று கேட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார். அட்டையில் பச்சை மசியில் அழகாகப் பாட்டு வரிசை எழுதித் தருவார். கடைக்காரருக்கு இசையறிவு உண்டு, காதல் பாட்டுக்குப் பின்னால் எதைப் போட வேண்டும் என்று தெரியும். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபின் இளையராஜா பாட்டுகள் நம் பக்கத்துக் கடைசிக் குக்கிராமம் வரை போனதில் இந்தக் கடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பாட்டுகளில் ஒரு பைசாகூட இளையராஜாவுக்குப் போகவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

1984-ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். குறைந்தது 6 மாதம் சிறை, 50,000 ரூபாய் அபராதம். கேசட்டின் மேல் தயாரித்தவர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்றும் விதி வந்தது. எந்தக் கடையும் மூடியதாகத் தெரியவில்லை. வடக்கே டி-சீரீஸ் குல்ஷன் குமார், பழைய பாட்டை வேறு குரலில் பாட வைத்து வெளியிடச் சட்டத்திலேயே இருந்த வழியைப் பிடித்துக்கொண்டு கேசட் விலையைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தார். விலை இறங்கினால் திருட்டு இறங்கும் என்பார்கள். நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே நடந்தன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரதி எடுத்ததால் நஷ்டம் யாருக்கு என்று பேசும்போதெல்லாம் "பெரிய கம்பெனிக்குத்தானே, போகட்டும்" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. அன்றைய சட்டமே கம்பெனிக்கும் படத் தயாரிப்பாளருக்கும்தான் காவல். 1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், தயாரிப்பாளர் பணம் கொடுத்துச் செய்வித்த சினிமாப் பாட்டுக்கு அவரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, குரல் கொடுத்துப் பாடியவருக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையே, பாராளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார். பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் ஏதாவது உரிமை என்று சட்டத்தில் எழுத 1994 ஆயிற்று. கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்து மற்றப் பயன்பாட்டுக்கெல்லாம் ராயல்டி உண்டு, அதை முன்கூட்டியே எழுதி வாங்கிவிட முடியாது என்ற திருத்தம் 2012-ல்தான் வந்தது. ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவில் அதற்காக வாதாடினார். 2017-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனபோது நம் ஊர் டீக்கடைகளில் "அவர் பாட்டுக்கு அவரே காசு கேட்கிறாரே" என்று பேசிக்கொண்டார்கள். கூலி கேட்பது கேவலம் என்ற மாதிரி. சிமெண்ட் ஆலையில் ஓவர்டைம் பாக்கிக்கு யூனியனைக் கூப்பிடுகிற ஊரில் இந்தப் பேச்சு எனக்கு விநோதமாக இருந்தது.

மறுபாதிதான் எனக்கு முக்கியம். பெரிய இசையமைப்பாளருக்குப் படச் சம்பளம் வந்துவிடும். கேசட் வந்ததால் சினிமாவுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் ஒரு கதவு திறந்தது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி போன்றவர்கள் பாடிய நாட்டுப்புறப் பாட்டுகள் கேசட்டாகத்தான் வீடு வீடாகப் போயின. தெருக்கூத்து, ஒப்பாரி, பக்திப் பாட்டு எல்லாவற்றுக்கும் சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள் கைக்காசு போட்டார்கள். அப்படிப்பட்டவர் ஆயிரம் கேசட் போட்டால், முதல் பத்தை வாங்கி மீதியைக் கடையிலேயே பிரதி எடுத்துவிட்டால் அடுத்த கேசட் வராது. அந்த நஷ்டம் எந்தப் பேப்பரிலும் செய்தியாக வரவில்லை, யாரும் வழக்கும் போடவில்லை. ஆகவே கம்பெனிக்குத்தானே என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. பிரதி எடுக்கிறவன் பெரியவர் பாட்டு, சின்னவர் பாட்டு என்று பார்த்து எடுப்பதில்லை.

எம்.பி.3 வந்தபின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் 1999-ல் தொடங்கிய நாப்ஸ்டர் இரண்டே வருஷத்தில் கோர்ட்டால் மூடப்பட்டது. மூடுவதற்குள் உலகத்துக்கே வழி தெரிந்துவிட்டது. நம் பிரௌசிங் சென்டர்களில் ஒரே சி.டி.யில் 150 பாட்டு அடங்கியது. 2004-ல் தமிழ்நாட்டில் திருட்டு வி.சி.டி.க்காரர்களையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். அந்த அதிரடியிலும் பாட்டு சி.டி.யை அவ்வளவாக யாரும் தொடவில்லை. பிறகு மெமரி கார்டு. கடைக்காரரின் கம்ப்யூட்டரில் "ராஜா ஹிட்ஸ்", "சோகம்", "குத்து", "அம்மன்" என்று பெட்டி பெட்டியாக இருக்கும். பழைய ரெக்கார்டிங் கடைக்காரர் ஒவ்வொரு பாட்டையும் கேட்டுப் பதிந்தார். இவர் ஒன்றையும் கேட்காமல் 500 பாட்டை ஐந்து நிமிஷத்தில் ஏற்றினார். யார் பாடியது, யார் எழுதியது என்பது அதோடு போயிற்று. கிருஷ்ணையர் காலத்தில் பாட்டை இலவசமாக எடுத்தவர்களும் செய்தவர் பெயரைச் சொல்லித்தான் பாடினார்கள்.

மைக்செட் நண்பர்கள் சிலர் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மதச் சடங்கிலும், கல்யாண ஊர்வலத்திலும் அதை ஒட்டிய கொண்டாட்டத்திலும் பாட்டுப் போடுவது குற்றமாகாது என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அது பாட்டைப் போடுவதற்கு மட்டும். பிரதி எடுத்து விற்பதற்கு அந்த விலக்கு உதவாது.

ஆனால் சட்டம் அனுமதித்த காரியமும் சிலர் வயிற்றில் அடித்தது. முகூர்த்தத்தில் கெட்டிமேளம் பென் டிரைவிலிருந்து வர ஆரம்பித்தது. கோயில்களில் பூஜை வேளைக்கு மின்சார மேளம் வந்தது. ஒரு நாகஸ்வரமும் ஒரு தவிலும் கேட்கிற சம்பளத்துக்குப் பதிலாக ஒரு தடவை வாங்கிய மெஷின். அது பழுதானால்தான் மேளக்காரருக்கு ஆள் போகிறது.

இப்போது டவுன்லோடும் பழைய கதை. பையன்கள் எதையும் இறக்குவதில்லை, அப்படியே கேட்கிறார்கள். விளம்பரம் வருகிறது, எங்கோ கணக்கும் ஏறுகிறது. அதிலிருந்து பாட்டுக்காரருக்குச் சில்லறையாவது போகிறது என்பதால் மெமரி கார்டைவிட இது மேல் என்பேன். ஆனால் நம் மாவட்டத்தில் நடப்பது இப்போது தலைகீழ். திருவிழாவில் நையாண்டி மேளம், பறை, கரகம் நடந்தால் முன்வரிசையில் 20 செல்போன் நீட்டியிருக்கிறது. மறுநாள் யாரோ ஒருவருடைய சேனலில் ஏறி, விளம்பரத்தோடு ஓடுகிறது. அடித்தவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கேட்கத் தெரியாது. சம்மதம் இல்லாமல் நிகழ்ச்சியைப் பதிந்து காசு பண்ணுவது அவருடைய உரிமையை மீறுவதுதான் என்று 1994 திருத்தம் சொல்கிறது. அது அவர் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மேளக்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மேளத்தின் மேலும் பனியன் முதுகிலும் குழுவின் பெயர், ஊர், செல் நம்பரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். யார் எடுத்து எங்கே போட்டாலும் அந்த நம்பர் படத்தில் விழும். அதைப் பார்த்து அடுத்த திருவிழாவுக்கு அட்வான்ஸ் கொடுக்க யாராவது கூப்பிடுவார்கள் என்ற கணக்கு.