திருப்பும்போது ‘டக் டக்’: காரின் சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள்

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் கார் வைத்திருப்போருக்கு முன்சக்கரப் பக்கத்துச் சத்தம் முதலில் காதில் விழும் இடம் பெரும்பாலும் பலமாடிக் கார்நிறுத்துமிடம்தான். மாடிக்கு மாடி ஏறும்போது ஸ்டியரிங்கை முழுமையாகத் திருப்ப வேண்டும். சுற்றிலும் கான்கிரீட் என்பதால் சின்னச் சத்தமும் எதிரொலிக்கும். புக்கிட் தீமா விரைவுச்சாலைக்குப் போய்விட்டால் அது கேட்காது. வானொலியையும் போட்டுவிட்டால் மறந்தே போகும்.

ஆனால், சத்தம் கேட்கவில்லை என்பதால் கோளாறு சரியாகிவிட்டது என்று பொருளல்ல. சில சத்தங்கள் ஒரு வாரம் பொறுக்கும். சில ஒரு நாள்கூடப் பொறுக்காது. இரண்டையும் பிரித்தறிய மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

முதலில் எளிய காரணங்களை நீக்குங்கள்

பின்பெட்டியில் உருளும் தண்ணீர்ப் போத்தல், சரியாக இறுக்கப்படாத மாற்றுச் சக்கரம், ஜாக்கி ஆகியவையும் ‘டக்’ என்று இடிக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பான கார்நிறுத்துமிடத் தரையில் டயர் கீச்சிடுவது கோளாறு அல்ல.

அண்மையில் டயர் மாற்றியிருந்தால் சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று உடனே பாருங்கள். தளர்ந்த நட்டும் இதே சத்தத்தைத் தரும். சக்கரம் கழன்றுவிடும் ஆபத்தும் உண்டு.

சத்தம் எப்போது வருகிறது?

• ஸ்டியரிங்கை முழுமையாகத் திருப்பி, மெதுவாக எண்ணெய் மிதிக்கும்போது ‘டக்-டக்-டக்’ என்று சக்கரச் சுழற்சியோடு சேர்ந்து வருகிறதா? டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிமுனையில் உள்ள சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். இடப்பக்கம் திரும்பும்போது கேட்டால் பெரும்பாலும் வலப்பக்க ஜாயின்ட். வலப்பக்கம் என்றால் இடப்பக்கம். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறுவதும், மழைநீரும் மணலும் உள்ளே புகுவதும்தான் வழக்கமான காரணம். சக்கரத்தின் உட்பக்கம் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

• கார் நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே ‘டொய்ங்’ என்றோ ‘கர்ர்’ என்றோ வருகிறதா? அப்சார்பரின் மேல் மவுண்ட் அல்லது அதன் பேரிங் பழுதாகியிருக்கலாம். பானட்டைத் திறந்து, ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, மற்றவர் அருகே நின்று கேட்டால் தெரியும். சுழலும் பாகங்களிலிருந்து கையை விலக்கி வையுங்கள்.

• வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும், திரும்பிக்கொண்டே மேட்டில் ஏறும்போதும் ‘கடக் கடக்’ என்று கேட்கிறதா? ஸ்டெபிலைசர் லிங்க் முதல் சந்தேகம். இது மலிவான பாகம். இடம் வலம் இரண்டையும் சேர்த்து மாற்றுவது வழக்கம்.

• பிரேக் போடும்போதோ திரும்பத் தொடங்கும்போதோ ஒரே ஒரு ‘டொக்’ என்றால் லோவர் ஆர்ம் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எப்போது ஓட்டக்கூடாது?

கடைசியாகச் சொன்னதில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் சரிந்துவிடும். டை ராட் எண்ட் கழன்றால் நீங்கள் திருப்பினாலும் அந்தச் சக்கரம் திரும்பாது. சத்தத்தோடு ஸ்டியரிங் ஆடினாலோ, கார் தானாக ஒரு பக்கம் இழுத்தாலோ, சத்தம் திடீரென அதிகரித்தாலோ காரைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இழுவை வாகனத்தை வரவழையுங்கள்.

“ஜோகூர் பாரு போய்வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று பலர் தள்ளிப்போடுவதுண்டு. கடற்பாலத்தில் ஊர்ந்து செல்லும்போது ஒன்றும் ஆகாமல் போகலாம். அதைத் தாண்டி, மலேசியாவின் வட-தெற்கு விரைவுச்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில், பிள்ளைகள் பின்னிருக்கையில் இருக்கும்போது அந்த ஜாயின்ட் தாங்குமா என்பதே கேள்வி.

வொர்க்‌ஷாப்பில் எப்படிச் சொல்வது?

“சத்தம் வருகிறது” என்று மட்டும் சொன்னால் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கும் நிலை வரலாம், செலவு உங்களுடையது. எந்தப் பக்கம் திரும்பும்போது, என்ன வேகத்தில், எண்ணெய் மிதிக்கும்போதா பிரேக் போடும்போதா என்று குறித்துச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தும் காட்டலாம். பதிவு செய்வது பயணியாக இருக்கட்டும்.

காரைத் தூக்கி, ஆடும் பாகத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டுப் பாருங்கள். சிவி ஜாயின்ட் சத்தமிடத் தொடங்குமுன் கிழிந்த உறையைக் கண்டுபிடித்தால், உறையும் கிரீஸும் மாற்றினாலே போதும். சத்தம் வந்துவிட்டால் பெரும்பாலும் ஜாயின்ட்டையோ முழு ஷாஃப்ட்டையோ மாற்ற வேண்டும். லோவர் ஆர்ம், டை ராட் எண்ட் மாற்றினால் சக்கர அலைன்மென்ட் அவசியம். இல்லையேல் புது டயரும் ஒருபக்கமாகத் தேயும்.

வீட்டில் முயல விரும்புவோர் கவனிக்க: ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

சோதனை வரும்வரை காத்திருக்க வேண்டாம்

சிங்கப்பூரில் 3 முதல் 10 ஆண்டு வயதுடைய கார்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை உண்டு. அடிப்பாகமும் அதில் பார்க்கப்படும். ஆனால் ரப்பர் உறை கிழிவதற்குத் தேதி பார்ப்பதில்லை.

வாகன உரிமைச் சான்றிதழ் முடியச் சில மாதங்களே இருக்கும்போது, கழிக்கப்போகும் காருக்கு எதற்குச் செலவு என்று தோன்றுவது இயல்பு. மவுண்ட் சத்தத்தைக்கூட மெக்கானிக்கைக் கேட்டுவிட்டுச் சில நாள் பொறுக்கலாம். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் விஷயத்தில் அந்தக் கணக்கு வேண்டாம். அந்தக் கார் கழிக்கப்படும் நாள்வரை அதில் பயணம் செய்யப்போவது உங்கள் குடும்பம்தான்.