தண்டோராக் கூலி

எங்கள் ஊர் ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டுக் கல். கூடல்சங்கமத்தில் சாளுக்கியரை அவன் முறியடித்த பெருமை அதில் நீளமாகப் போகும். இந்தக் கோயில் கல்வெட்டுகளே பெரும்பாலும் அப்படித்தான். ராஜாவின் புகழ் முதலில். நிலம், வரி, கோயிலுக்கு விட்டது என்று ஊர்க் காரியம் கடைசியில். இன்று கிராம சபைக்கு அடிக்கிற பிளக்ஸ் பேனரைப் பாருங்கள். மேல் பாதி முழுக்கத் தலைவர்கள் முகம். கூட்டப் பொருள் கீழே பொடி எழுத்தில். பேனருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கல்தச்சனுக்கும் எனக்கும் வந்த உத்தரவு ஒன்றேதான்.

மணிமங்கலம் என்றதும் வரலாறு படித்தவர்கள் நரசிம்மவர்மப் பல்லவன், புலிகேசி, 7ஆம் நூற்றாண்டுப் போர் என்று ஆரம்பிப்பார்கள். கூரம் செப்பேட்டில் எங்கள் ஊர்ப் பெயர் இருப்பது உண்மைதான். எனக்குப் போரில் அக்கறை இல்லை. 1986இல் பகுதி நேர எழுத்தராகச் சேர்ந்து, ஊராட்சி உதவியாளர், ஊராட்சிச் செயலர் என்று பதவியின் பெயர் மட்டும் மாற, சம்பளம் மெள்ள நகர, இந்த வட்டாரத்து ஊராட்சிகளில் காலம் தள்ளியவன் நான். எந்தெந்த ஊராட்சி என்று எழுதப்போவதில்லை. எல்லாரும் முகம் பார்த்துப் பேசுகிறவர்கள். எனக்கு உள்ள அக்கறை ஒன்றுதான்: ஊரில் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, ஏரி உடையப் போகிறது என்றால் அதை யார் சொன்னார்கள், எங்கே நின்று சொன்னார்கள், கேட்டவர்களால் திருப்பி ஒரு கேள்வி கேட்க முடிந்ததா?

சோழர் காலத்தில் மணிமங்கலம் ஒரு சதுர்வேதிமங்கலம். லோகமாதேவி, ராஜசூளாமணி என்று காலத்துக்கொரு பெயர். செங்காட்டுக் கோட்டத்து மாகனூர் நாட்டில் அடக்கம். ஊரை நடத்தியது பிராமண நில உடைமையாளர்களின் மகாசபை. அந்தச் சபைகள் எப்படி நடந்தன என்பதற்கு இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன, 919லும் 921லும் வெட்டியவை. குடவோலை பற்றிப் பேசாத மேடை கிடையாது. என்னைக் கவர்ந்தது வேறு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவுக்காரர்களும் வரக் கூடாது. இந்த விதியை இப்போது அமல்படுத்தினால் வேட்புமனு வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் அந்தக் கணக்கு யாரிடம் காட்டப்பட்டது என்றும் கேட்க வேண்டும். வாரியத்துக்கு வரவே கால் வேலி வரி நிலமும் சொந்த மனையில் வீடும் 35 முதல் 70 வரை வயதும் வேதப் படிப்பும் தேவை. ஏரி வாரியம் மதகைத் திறக்கிற நாளைச் சபைக்குச் சொல்லியிருக்கும். அந்த மதகடியில் மண் வாருகிறவனுக்குச் செய்தியாக வந்திருக்காது, உத்தரவாகத்தான் வந்திருக்கும்.

கும்பினிக் காலத்தில் 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீர் கிராமங்களை அளந்தார். ஓலைகளில் இருந்த அந்தக் கணக்குகளில் ஒவ்வொரு ஊரிலும் கணக்கர், காவல்காரர், வெட்டியான், தச்சர், கொல்லர் எனக் களத்து நெல்லில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது வரும். ஊருக்குச் செய்தி சொல்வதும் அந்தப் பங்குக்குள் அடங்கிய வேலை. பறை அடித்துச் சொல்கிறவர் சேரியில் இருப்பார். சொல்ல வேண்டியதை முடிவு செய்கிறவர் ஊர்த்தெருவில் இருப்பார்.

பிறகு வந்த மாற்றங்களைக் காகிதத்தில் பார்த்தால் பெரிசாக இருக்கும். 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம், 1884இல் சென்னை மாகாண உள்ளாட்சிச் சட்டம், ஜில்லா போர்டு, தாலுகா போர்டு. தாலுகா போர்டை 1934இல் கலைத்தும் விட்டார்கள். 1958இல் பஞ்சாயத்துச் சட்டம், பஞ்சாயத்து யூனியன். கிராமத்து மனிதருக்கு அப்போதும் சர்க்கார் என்றால் முன்சீபும் கர்ணமும்தான். பரம்பரைப் பதவிகளான அவற்றை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. கர்ணம் போனார், வி.ஏ.ஓ. வந்தார். பறை மட்டும் போகவில்லை.

நான் சேர்ந்த சமயத்தில் வவுச்சர் புத்தகத்தில் ‘தண்டோராக் கூலி’ என்று ஒரு செலவு மாசாமாசம் விழும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய். வாசகத்தை நான் தாளில் எழுதுவேன். தண்டோராப் போடுகிற பெரியவருக்கு எழுத்து தெரியாது. இரண்டு தரம் படித்துக் காட்டினால் போதும், ஒரு சொல் பிசகாது. துணி சுற்றிய பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு முச்சந்தியில் நின்று அடிப்பார். ‘இதனால் சகலமானவர்களுக்கும்’ என்று ஆரம்பித்து, மோட்டார் பழுது, மூணு நாளைக்குக் குழாயில தண்ணி வராது, கரையோரக் கிணத்துல எடுத்துக்கங்க என்று முடிப்பார். மேல்தெருவில் வீட்டுத் திண்ணை ஓரம்கூட வர மாட்டார். நடுத்தெருவிலேயே நின்றுகொள்வார். திண்ணையில் இருந்து ஒருவர் கேட்பார்:

“ஏம்ப்பா, மூணு நாள்னா இன்னிக்கும் சேத்தா?”

“அது கிளார்க்கு சாருக்குத்தாங்க தெரியும். எனக்குச் சொன்னது இவ்ளோதாங்க.”

அவர் சொன்னது சரிதான். கேள்வி என்னிடம் வர வேண்டும். ஆனால் வராது. என்னைத் தேடி அலுவலகம் வந்து கேட்கிற துணிச்சல் நாலைந்து பேருக்குத்தான் உண்டு. அவர் ஊருக்கெல்லாம் வழி சொன்ன அந்தக் கரையோரக் கிணற்றில் அவர் தெருப் பெண்கள் குடம் இறக்கி நான் பார்த்ததில்லை. அவர்கள் ஏரிக்குள் ஊற்றுத் தோண்டி எடுப்பார்கள்.

1986இல் வந்த பஞ்சாயத்துகளின் காலம் 1991இல் முடிந்தது. அதே வருஷம் மே 21இல் எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பஞ்சாயத்துகளுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுக்க 1989இல் அவர் கொண்டுவந்த 64ஆவது திருத்த மசோதா மாநிலங்களவையில் தோற்றுப்போயிருந்தது. அவர் போன பிறகு, 1992 டிசம்பரில், 73ஆவது திருத்தமாக அது நிறைவேறியது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 1994ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம், 1996 அக்டோபரில் தேர்தல். நடுவில் ஐந்து வருஷம் தனி அலுவலர் ஆட்சி.

1996க்குப் பிறகுதான் நான் பார்த்த வேலையின் தன்மையே மாறியது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. ஒரு வார்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைத்த அம்மா ஒருவர் ஜெயித்து வந்தார். முதல் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போட மறந்துவிட்டார்கள். மறந்தார்களா என்பது வேறு பேச்சு. அவர் வீட்டு வாசலில்தான் தெருக்குழாய். மோட்டார் எரிந்த அன்று காலை ஆறு மணிக்கே இருபது குடம் அவர் வாசலில் வரிசை கட்டிவிட்டது. ஒன்பது மணிக்கு அவர் அலுவலகத்தில் என் எதிரில்.

“அண்ணே, காயில் கட்டக் குடுத்தீங்களா இல்லியா? குடுத்தா எந்தக் கடை? எப்ப தருவான்?”

படப்பையில் கடை, மறுநாள் சாயங்காலம் என்றேன். “அப்ப நாளான்னிக்கித்தான் ஏத்துவீங்க. நான் அப்டியே சொல்லிட்றேன். தப்பாச்சுன்னா உங்களக் கூட்டியாந்து வாசல்ல நிறுத்துவேன்” என்று போய்விட்டார். இதைப் போன்ற ஒரு உரையாடல் எனக்கு அதற்கு முன் நடந்ததே இல்லை. செய்தியைச் சொல்கிறவரே என்னைக் கேள்வியும் கேட்கிறார், அவரைக் கேட்கத் தெருவே நிற்கிறது. அந்த வார்டுக்குத் தண்டோராக் கூலி எழுதுவதை அதோடு நிறுத்தினேன். தேவைப்படவில்லை.

எல்லா ஊரிலும் நாற்காலி மறதியோடு போகவில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில், தனித் தொகுதியான ஊராட்சியில் ஜெயித்த தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலையே ஒழுங்காக நடத்த முடியவில்லை. பறை அடித்த கை தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதை ஊர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. தண்டோராவுக்கே கடைசியில் 2022 ஆகஸ்டில்தான் முடிவு வந்தது. இனி வேண்டாம், ஒலிபெருக்கி கட்டிய வாகனங்களில் சொல்லலாம் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். சுதந்திரம் வந்து 75 வருஷம் முடிகிற மாதம் அது.

2015 டிசம்பர் வெள்ளத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அடையாறு தொடங்குவது மலைப்பட்டு, மணிமங்கலம் ஏரிகளின் பக்கம்தான். எங்கள் ஏரிகள் வழிந்தால் வரதராஜபுரத்துக்கும் முடிச்சூருக்கும் கழுத்தளவு. செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி திறந்ததைப் பற்றிச் சென்னைக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், முன்கூட்டிச் சரியாகச் சொன்னார்களா என்று. இங்கே, மேல் ஏரிக்கரைகளில், சொன்னது வார்டு உறுப்பினர்கள். போன் டவர் செத்துப்போன இரவில் டார்ச் லைட்டோடு கதவு கதவாகத் தட்டினவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அடுத்த வருஷம் தேர்தல், அதுவும் ஒரு காரணம்தான். இருக்கட்டுமே.

அந்தத் தேர்தல் வரவில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, வழக்கில் தேர்தல் நின்றது, மறுபடி தனி அலுவலர். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வெடித்துக் கிடந்தபோது இந்தப் பக்கத்து ஊராட்சி எதிலும் வார்டு உறுப்பினர் என்று ஒருவர் கிடையாது. டிராக்டர் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று கேட்பவர்களுக்கு நானும் தொட்டி ஆபரேட்டரும்தான் முகம். திட்டு எங்களுக்கு, அதிகாரம் வேறிடம். அந்த டிசம்பரில் 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தது. காஞ்சிபுரத்தைப் பிரித்திருந்ததால் எங்களுக்கு இன்னும் தள்ளிப்போய் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் ஓட்டுப்போட்டோம். இப்போது பாதி இடம் பெண்களுக்கு.

புதிதாக வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வாட்ஸாப் குழு ஆரம்பித்தார்கள். நல்ல விஷயம்தான். பள்ளம் தோண்டிய போட்டோ, மாற்றின பல்ப் போட்டோ, கொசு மருந்துப் புகை போட்டோ எல்லாம் வரும். மூன்றாவது மாசம், யாரோ ஒருவர் தெருவிளக்குச் செலவைக் கேட்டு, இன்னொருவர் கட்சிப் பெயரைச் சொல்லி, குழு நாறியது. அன்று ராத்திரியே அமைப்பை மாற்றிவிட்டார்கள்: இனி அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம். நான் சிரித்துக்கொண்டேன். போனுக்குள் தண்டோரா வந்துவிட்டது, கூலி மட்டும் இல்லை.

திருப்பிக் கேட்கிற இடம் கிராம சபைதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நாலு கூட்டத்தோடு மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறாக்கியிருக்கிறார்கள். வரவு செலவைப் படிவம் 30இல் வைத்துப் படிக்க வேண்டும். பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கிற ஊராட்சி என்றால் குறைந்தது 300 பேர் வேண்டும். இந்த 300 எப்படிச் சேர்கிறது என்று எனக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்காரர்களை அட்டையோடு வரச் சொல்வோம். கையெழுத்து நோட்டு முதலில், கூட்டம் பிறகு. அப்படி வந்து உட்கார்ந்த கூட்டத்திலும் ஒரு பாட்டி எழுந்து, போன தடவை இதே இடத்தில் சொன்ன மினி டேங்க் எங்கே என்று கேட்டால் தலைவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். நகரத்துக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினைகூட 2022 நவம்பர் 1 வரை கிடையாது. அன்றுதான் பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. பக்கத்துத் தாம்பரம் மாநகராட்சியில், பம்மலில் கூடிய சபைக்கு முதலமைச்சர் வந்தார்.

ஆனால் சபை என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். அரசியல் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை. இன்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் லைன் வீடு கட்டாத மனை குறைவு. ஒரு அறைக்கு ஆறு பேர், ஒடிசா, பீகார், அசாம், நம் தெற்கத்தி மாவட்டப் பையன்கள். குடிக்கிறது எங்கள் தொட்டித் தண்ணீர், ஓட்டு வேறெங்கோ. குழுவிலும் இல்லை, சபையிலும் இல்லை. தொட்டி ஆபரேட்டர் சைக்கிளை நிறுத்தி, “கல் பானி நஹி” என்று சொல்லிவிட்டுப் போவதுதான் அவர்களுக்கு மொத்த அறிவிப்பு. ஏன், எத்தனை நாள் என்று கேட்டால் அவரிடம் அதற்கு இந்தி கிடையாது.

சமீபத்தில் பக்கத்து ஊராட்சி ஒன்றின் கிராம சபையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். லைன் வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் எழுந்து, வாடகைக்கு இருக்கிற பிள்ளைகள் சார்பாகக் கேட்கிறேன், வால்வு திறக்கிற நேரமே அவர்களுக்குத் தெரிவதில்லை, ஷிப்ட் முடிந்து வந்தால் வெறும் குழாய் என்றார். அவர் கவலை வாடகையைப் பற்றித்தான் என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். இருந்தாலும் தலைவர் தட்டவில்லை. லைன் வீடுகள் இருக்கிற தெருக்களிலும் நேரத்தை எழுதி ஒட்டுவதாகத் தீர்மானம் ஏறியது. செயலர் இளம்பையன், அங்கேயே எழுதிக்கொண்டான். எந்த மொழியில் ஒட்டுவது என்று கேட்டேன். நான் அந்த ஊராட்சி வாக்காளர் இல்லை என்று யாரோ நினைவுபடுத்தினார்கள்.