புவியிடத் தரவுச் சேவையுடன் நிரலாக்க உதவியை இணைத்தல்

புவியிடத் தரவுச் சேவையுடன் நிரலாக்க உதவியை இணைத்தல் என்பது, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நிரல் எழுதும் மென்பொருள் ஒன்று, மேகக் கணிமையில் இயங்கும் செயற்கைக்கோள் படத் தொகுப்புகளையும் நிலப்படத் தரவுகளையும் நேரடியாகத் தேடிப் படிக்கவும், அவற்றின் மீது கணிப்புகளை இயக்கவும் வழிசெய்யும் ஏற்பாடு ஆகும். இத்தகைய இணைப்பு இல்லாதபோது, உதவி மென்பொருள் தான் பயிற்றுவிக்கப்பட்ட உரைகளில் உள்ளதைக் கொண்டே நிரலை எழுதும். அவ்வுரைகள் பழையனவாக இருப்பின் நிரலும் பழையதாகவே அமையும். இக்கட்டுரை கூகுள் எர்த் எஞ்சின் என்னும் சேவையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பின்னணி

ஐக்கிய அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனம், 1972 முதல் சேர்ந்துவந்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை 2008 ஆம் ஆண்டில் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அவ்வளவு படங்களையும் தனியொருவர் தம் கணினியில் தரவிறக்கி ஆராய்வது இயலாததாகும். எனவே, தரவு இருக்கும் இடத்துக்கே கணிப்பைக் கொண்டுசெல்லும் சேவைகள் தோன்றின. கூகுள் எர்த் எஞ்சின் 2010 டிசம்பரில் அறிமுகமானது. இதனைப் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகளின் வழியே பயன்படுத்தலாம்.

ஆந்த்ரோப்பிக் நிறுவனம் 2024 நவம்பரில் மாதிரிச் சூழல் நெறிமுறை (எம்சிபி) என்னும் திறந்த சீர்தரத்தை வெளியிட்டது. மொழி மாதிரிகளைப் புறத்தரவுகளுடனும் கருவிகளுடனும் ஒரே முறையில் இணைப்பது இதன் நோக்கம். இதற்கு முன்னர் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இணைப்பு எழுத வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் இந்நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. 2025 டிசம்பரில் இது லினக்சு அறக்கட்டளையின் கீழ் அமைந்த ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

இணைப்பின் அமைப்பு

இந்நெறிமுறையின்படி இணைப்பில் மூன்று பகுதிகள் உள்ளன.

- ஏற்பகம்: பயனர் உரையாடும் நிரலாக்க உதவி மென்பொருள்.
- வாங்கி: ஏற்பகத்தினுள் இருந்து ஒரு வழங்கியுடன் மட்டும் தொடர்பு கொள்ளும் பகுதி.
- வழங்கி: புவியிடச் சேவையின் நிரலாக்க இடைமுகத்தை அறிந்து, அதனைக் கருவிகளாக மாற்றித் தரும் சிறு நிரல்.

வாங்கியும் வழங்கியும் ஜேசான்-ஆர்பிசி 2.0 வடிவில் செய்திகளைப் பரிமாறுகின்றன. வழங்கி பயனரின் கணினியிலேயே இயங்கினால் இயல்பு உள்ளீடு, வெளியீடு வழியாகவும், தொலைவில் இயங்கினால் எச்டிடிபி வழியாகவும் தொடர்பு நிகழும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், ஏற்கும் உள்ளீடுகளின் வரையறை ஆகியன உண்டு. எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்பதை மொழி மாதிரி இவ்விளக்கத்தைப் படித்தே முடிவு செய்கிறது. ஆகவே, விளக்கம் தெளிவற்றதாயின் தவறான கருவி அழைக்கப்படக்கூடும்.

செயற்படும் முறை

ஒரு நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள தாவரப் பரப்பின் மாற்றத்தைப் பயனர் கேட்பதாகக் கொள்வோம். உதவி மென்பொருள் முதலில் தரவுப் பட்டியலைத் தேடும் கருவியை அழைக்கிறது. பொருத்தமான தொகுப்பின் அடையாளம், பட்டைகளின் பெயர்கள், அளவுக் காரணிகள், காலவரம்பு ஆகியவற்றைப் பெறுகிறது. பின்னர் அவற்றைக் கொண்டு நிரலை எழுதுகிறது. கணிப்பு எர்த் எஞ்சினின் வழங்கிகளிலேயே நிகழ்கிறது. உதவி மென்பொருளிடம் திரும்பி வருவது சில எண்களோ, ஒரு சிறு படமோ, பிழைச் செய்தியோ மட்டுமே. பிழைச் செய்தி வந்தால் அதனைப் படித்து நிரலைத் திருத்தி மீண்டும் இயக்குகிறது.

வெளித்தெரியாத பிழைகள்

பொதுவான நிரலாக்கத்தில் பல தவறுகள் பிழைச் செய்தியாக வெளிப்படும். புவியிடக் கணிப்பிலோ நிரல் தடையின்றி இயங்கி, பார்ப்பதற்கு ஒழுங்கான, ஆனால் தவறான நிலப்படத்தைத் தரக்கூடும். பழைய எடுத்துக்காட்டுகளைப் பின்பற்றி எழுதப்படும் நிரலில் பின்வருவன நேரலாம்.

- சென்டினல்-2 மதிப்புகள்: 2022 சனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் செயலாக்க முறை மாறியதால், படப்புள்ளி மதிப்புகளுடன் 1000 கூட்டப்படுகிறது. ஓரிடத்தில் அண்மை அகச்சிவப்பு மதிப்பு 3000, சிவப்பு மதிப்பு 1000 எனில் தாவரச் சுட்டெண் 0.5 ஆகும். கூட்டப்பட்ட 1000-ஐக் கழிக்காவிடில் அவை 4000, 2000 ஆகிச் சுட்டெண் 0.33 எனக் குறையும். ஒரு மரமும் வெட்டப்படாத இடத்தில் காடு அழிந்ததாகத் தோன்றும். எர்த் எஞ்சினில் இதனைச் சரிசெய்து ஒத்திசைவாக்கிய தொகுப்பு தனியே உள்ளது.
- லேண்ட்சாட் தொகுப்புகள்: முதலாம் தொகுப்பு 2022 இறுதியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் தரைப்பரப்பு எதிரொளிப்பு மதிப்புகளை 0.0001 ஆல் பெருக்கினால் போதும். இரண்டாம் தொகுப்பில் 0.0000275 ஆல் பெருக்கி 0.2-ஐக் கழிக்க வேண்டும். 10000 என்னும் மதிப்பு புதிய முறையில் 0.075 ஆகும்; பழைய முறையில் 1 ஆகிவிடும்.
- அளவு குறிப்பிடாமை: பல படங்களைச் சேர்த்து உருவாக்கிய கூட்டுப் படத்துக்கு எர்த் எஞ்சின் கொள்ளும் இயல்பான நுணுக்கம் 1 பாகை ஆகும். இது நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அளவைக் குறிப்பிடாது சராசரி கேட்டால், 10 மீட்டர் நுணுக்கமுள்ள தரவும் இந்த அளவிலேயே கணிக்கப்படும்.
- ஆள்கூற்று வரிசை: ஜியோஜேசான் வடிவில் நெட்டாங்கு (தீர்க்கரேகை) முதலிலும் அகலாங்கு (அட்சரேகை) அடுத்தும் வரவேண்டும். நைரோபி நகரின் ஆள்கூறுகளை வரிசை மாற்றி இட்டால் அப்புள்ளி மத்தியதரைக் கடலில் விழும். இரண்டு எண்களும் ஏற்கத்தக்க எல்லைக்குள் இருப்பதால் பிழைச் செய்தி எதுவும் வராது.

முதலிரண்டு பிழைகளைத் தரவுப் பட்டியலுடனான இணைப்பு பெருமளவு தவிர்க்கிறது. அளவுக் காரணிகளும் மாற்றங்களும் பட்டியலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பின்னிரண்டும் நிரல் எழுதும் முறையைச் சார்ந்தவை. இணைப்பு மட்டும் அவற்றைத் தடுப்பதில்லை.

அனுமதியும் பாதுகாப்பும்

எர்த் எஞ்சினைப் பயன்படுத்த ஒரு கூகுள் மேகத் திட்டம் தேவை. வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் உண்டு. உதவி மென்பொருள் தானாகவே ஒரு கணிப்பைத் திரும்பத் திரும்ப இயக்கக்கூடியது என்பதால், பயன்பாட்டு வரம்பை முன்னரே விதிப்பது பொருத்தமாகும். பயனரின் சொந்தக் கணக்கைவிட, குறைந்த உரிமைகள் கொண்ட சேவைக் கணக்கின் வழியே இணைப்பது பாதுகாப்பானது. படிக்கும் கருவிகளை மட்டும் தானாக இயங்கவிட்டு, தரவை எழுதும், அழிக்கும், ஏற்றுமதி செய்யும் கருவிகளுக்கு ஒவ்வொரு முறையும் பயனரின் ஒப்புதலைக் கேட்குமாறு அமைக்கலாம். நுழைவுச் சாவிகளை நிரல் கோப்பில் எழுதிவைத்தல் ஆகாது.

வெளியிலிருந்து பெறும் தரவின் விளக்கவுரையில் எவரேனும் கட்டளைகளை மறைத்து எழுதியிருப்பின், மொழி மாதிரி அவற்றைப் பயனரின் கட்டளைகளாகக் கருதிவிடக்கூடும். எனவே, நம்பத்தக்க வழங்கிகளை மட்டுமே நிறுவ வேண்டும்.

வரம்புகள்

எந்தத் தரவு உள்ளது, அது எவ்வாறு அமைந்துள்ளது என்பதை இவ்விணைப்பு உதவி மென்பொருளுக்குக் காட்டுகிறது. கேட்ட கேள்விக்கு அத்தரவு ஏற்றதா என்பதை அது உறுதிசெய்வதில்லை. முகில் மூடிய படங்கள், பருவ வேறுபாடு, வெவ்வேறு உணரிகளுக்கு இடையிலான ஒவ்வாமை ஆகியவற்றை இடத்தை அறிந்தவரே எடைபோட இயலும். வெள்ள நிவாரணம், பயிர்க் காப்பீடு, வனப் பாதுகாப்பு போன்றவற்றில் நிலப்படத்தை நம்பியே முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஆதலால், முடிவை வெளியிடுமுன் நிலைமை நன்கு தெரிந்த ஓர் இடத்தில் அதனை ஒப்பிட்டுப் பார்ப்பதும், மாற்றம் காணாத ஓர் இடத்தில் மாற்றம் காட்டப்படுகிறதா எனச் சோதிப்பதும் இன்றியமையாதன.

இவற்றையும் பார்க்க

- தொலையுணர்தல்
- புவியியல் தகவல் முறைமை
- மேகக் கணிமை
- செயற்கை நுண்ணறிவு