கயிறும் விசுப்பலகையும்: பெருவின் ஆயகூச்சோ மலைப்பகுதியில் பிரசவ மருத்துவம்

1. ஆய்வுப் பொருள்

மருத்துவத்தில் பண்பாட்டு உணர்வு என்றால் இன்முகமும் இனிய சொல்லும் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நோயாளி எப்படிப் படுக்கிறார், அவருடன் யார் உள்ளே வரலாம், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பவை மாறாதவரை அந்த இன்முகத்தால் பெரிய பயன் இல்லை என்பதே என் வாதம். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் உள்ள ஆயகூச்சோ பகுதி இதற்குச் சான்று. அங்கே சாந்தில்லானா வட்டாரத்தில் 1999-இல் நூற்றுக்கு 6 பிரசவங்களே சுகாதார நிலையத்தில் நடந்தன. 2007-இல் அது 83 ஆக உயர்ந்தது.

2. ஏன் வரவில்லை?

தூரமும் வறுமையும் உண்மையான தடைகளே. ஆனால் கெச்சுவா மொழி பேசும் அப்பகுதிப் பெண்களிடமே கேட்டபோது வேறு காரணங்களும் வெளிவந்தன. வீட்டில் என்றால் அறை கதகதப்பாக இருக்கும். கணவரோ உறவினரோ தாங்கிப் பிடிக்க, குத்தவைத்தோ மண்டியிட்டோ பிள்ளை பெறுவார்கள். பழகிய மருத்துவச்சி பக்கத்தில் இருப்பார். மூலிகைக் கஷாயம் கிடைக்கும். நஞ்சுக்கொடியை வீட்டார் உரிய முறையில் அடக்கம் செய்வார்கள். சுகாதார நிலையத்திலோ குளிர்ந்த அறையில், உடை களைந்து, மல்லாந்து படுக்க வேண்டும். அடிக்கடி மாறும் ஊழியர்கள் ஸ்பானிய மொழியில் பேசுவார்கள். உறவினர் வாசலோடு நிற்க வேண்டும். வலியில் துடிக்கும் பெண்ணுக்கு இவற்றில் எதுவுமே சின்ன விஷயம் அல்ல.

3. அச்சத்தின் வரலாறு

இதையெல்லாம் ‘பழக்கவழக்கம்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. 1980-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரின் மையமே ஆயகூச்சோதான். அப்போரில் கொல்லப்பட்டவர்களிலும் காணாமற் போனவர்களிலும் நான்கில் மூவர் கெச்சுவா முதலிய பூர்வகுடி மொழி பேசியவர்கள் என்று உண்மை அறியும் ஆணையம் 2003-இல் அறிவித்தது. அதிபர் ஃபுஜிமோரியின் ஆட்சியில், 1990-களின் பிற்பகுதியில், நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. முழுச் சம்மதம் இல்லாமலே அறுவைக்கு ஆளான பூர்வகுடிப் பெண்கள் ஏராளம். அரசு மருத்துவரைக் கண்டு அப்பெண்கள் பின்வாங்கியதை அறியாமை என்று சொல்வது அநியாயம்.

4. செய்த மாற்றம்

சாந்தில்லானா சுகாதார நிலையத்தில் மாற்றத்தைத் திட்டமிட்டபோது கிராமத்துப் பெண்கள், மருத்துவச்சிகள், நிலைய ஊழியர்கள் எனப் பலரிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. பிரசவ அறைக்குள் ஒரு கயிறும் விசுப்பலகையும் வந்தன. கயிற்றைப் பற்றிக்கொண்டு, பின்னால் பலகையில் அமர்ந்தவர் தாங்க, பெண் நிமிர்ந்த நிலையில் பிள்ளை பெறலாம். குடும்பத்தாருக்கும் மருத்துவச்சிக்கும் உள்ளே இடம் கிடைத்தது. பேச்சு கெச்சுவாவில் நடந்தது. இடம் மாறியவை ஊழியரின் வசதியும் அதிகாரமும்தான். விலை உயர்ந்த கருவி எதுவும் இதில் இல்லை. குனிந்தும் மண்டியிட்டும் பிரசவம் பார்க்க மருத்துவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அந்தப் பணிவையே இத்திட்டத்தின் உயிர்நாடியாக நான் கருதுகிறேன். 2005-இல் பெருவின் சுகாதார அமைச்சகம் நிமிர்ந்த நிலைப் பிரசவத்துக்கான விதிமுறையை நாடு முழுமைக்கும் வெளியிட்டது.

5. மருத்துவ நோக்கு

நிமிர்ந்த நிலையால் ஆயுதப் பிரசவமும் பிறப்புவாயை வெட்டித் தையல் போடுவதும் குறைகின்றன என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. ரத்தப்போக்கு சற்றுக் கூடக்கூடும் என்ற எச்சரிக்கையும் அவற்றில் உண்டு. அதனால்தான் இம்முறைப் பிரசவம் பயிற்சி பெற்ற கைகளின் அருகில் நடக்க வேண்டும். மரபை மதிப்பதும் பாதுகாப்பும் இங்கே ஒரே அறையில் சேர்கின்றன.

6. எண்களின் எல்லை

6 எப்படி 83 ஆனது என்பதற்குக் கயிறு மட்டுமே விடை ஆகாது. 2000-களின் தொடக்கத்தில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடும் பெருவில் விரிந்தது. முன்-பின் ஒப்பீட்டை மட்டும் வைத்து இரண்டின் பங்கையும் பிரித்தறிய முடியாது. எனினும், மல்லாந்து படுக்க அஞ்சி வீட்டிலேயே தங்கிய பெண்ணை, கட்டணம் இல்லை என்ற ஒரே காரணம் அந்தப் படுக்கைக்குக் கொண்டுவந்திருக்கும் என்று நம்ப இடமில்லை.