பாசறையின் ஓய்வுநேரம்

படைகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் போர்க்களத்தையே எழுதினர். ஆயினும், ஒரு படைவீரனின் சேவைக்காலத்திற் போர்புரியும் நாட்கள் மிகச் சில. பாசறையிற் பொழுதைக் கழிக்கும் நாட்களே மிகப் பல. அந்நாட்களை அவன் எங்ஙனம் கழித்தான் என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். ஆனால், பிரித்தானியப் படை அவ்வினாவுக்குக் காலந்தோறும் அளித்த விடைகளை நோக்கின், அதிகாரத்திலிருந்தோர் தம் ஏவலுக்குட்பட்ட எளிய மனிதனை எவ்வாறு மதித்தனர் என்பது புலனாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரையும் இங்கிலாந்திற் படைவீரர் பெரும்பாலும் சத்திரங்களிலும் மதுச்சாலைகளிலும் தங்கவைக்கப்பட்டனர். 1792 முதல் நாடெங்கும் படைவீடுகள் விரைவாகக் கட்டப்பட்டன. அவற்றினுள்ளே உண்பதும் உறங்குவதும் ஒரே அறையில் நிகழ்ந்தன. பொழுதுபோக்கென அமைந்தது கன்ரீன் எனப்பட்ட மதுக்கடை ஒன்றே. அக்கடையை அரசினர் ஒப்பந்தகாரருக்கு வாடகைக்கு விட்டனர். வீரர் மிகுதியாகக் குடித்தால் ஒப்பந்தகாரருக்கு இலாபம். இலாபம் மிகுந்தால் அரசினருக்கு வாடகை. குடித்து நிலைதவறியவனுக்கோ கசையடி. குடிப்பித்தவன் வருவாய் பெற, குடித்தவன் குற்றவாளியானான். இம்முரண்பாட்டைக் கண்டோர் சிலர். கண்டும், படைவீரனின் இயல்பே அதுவென அமைந்தோர் பலர்.

நூல்நிலையங்களின் வரலாறும் இவ்வேற்றுமையைக் காட்டுகின்றது. ஜிபிரால்டர்க் கோட்டையில் அதிகாரிகளுக்கென நூல்நிலையம் தோன்றியது 1793 இல். இங்கிலாந்தின் பெரிய படைவீடுகளிற் சாதாரண வீரருக்கென நூல்நிலையங்கள் அமைக்கும் திட்டம் ஏற்கப்பட்டதோ 1838 இலேயாம்.

படைவீரனின் இயல்பு பற்றிய பழைய கருத்தை முதன்முதலில் வலுவாகச் சோதித்தவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். கிறைமியப் போர்க்காலத்தில் ஸ்கூட்டாரியில் நோயாளரைப் பேணிய அவர், நோய் தேறியோர் செய்வதற்கு ஒன்றுமின்றிக் குடிக்கு இரையாவதைக் கண்டார். 1855 இல் வாசிப்பறைகளையும், இங்கர்மன் கபே என்னும் கோப்பிச்சாலையையும் திறப்பித்தார். நூல்களும் தேசப்படங்களும் விளையாட்டுப் பொருள்களும் இங்கிலாந்திலிருந்து வருவிக்கப்பட்டன. வீரர் தம் ஊதியத்தை வீட்டுக்கு அனுப்புவதற்கும் அவர் வழிசெய்தார். படைவீரன் பணம் அனுப்பும் இயல்பினன் அல்லன் என்பது யுத்த அமைச்சர் பன்மியூர்ப் பிரபுவின் கருத்து. எனினும், அரசினர் காசுக்கட்டளை நிலையங்களை அங்கே திறந்தபோது, ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ 71,000 பவுண் தாயகம் சென்றது. மதுக்கடைக்குச் சென்றிருக்கக்கூடிய பணம் குடும்பங்களைச் சென்றடைந்தது. மனிதர் மாறினாரல்லர், அவர்முன் வைக்கப்பட்ட வழியே மாறியது.

இந்தியாவில் நிலைமை இன்னும் கொடிது. அங்குள்ள படைகளின் சுகாதாரத்தை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1863 இல் வெளியிட்ட அறிக்கை, பிரித்தானிய வீரருள் ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 69 பேர் இறந்தனரெனக் காட்டியது. அவருட் பெரும்பாலோரைக் கொன்றது பகைவரின் வாளன்று, நோயே. கோடையிற் பகல் முழுவதும் கட்டிலிலே கிடந்து, மாலையிற் சாராயத்தை நாடும் வாழ்க்கை அந்நோய்க்குத் துணைபோயிற்று. நீரும் வடிகாலும் திருந்தவேண்டும் என்பதோடு, தொழிற்கூடங்களும் விளையாட்டிடங்களும் வாசிப்பறைகளும் வேண்டும் என்பதும் அப்போது வற்புறுத்தப்பட்டது. பொழுதுபோக்கு இவ்வாறு சுகாதாரத்தின் ஓர் உறுப்பாயிற்று.

அதே 1863 இல் லூயிசா டானியல் என்னும் அம்மையார் ஓல்டர்ஷொட்டில் வீரருக்கென ஓர் இல்லத்தைத் திறந்தார். 1885 முதல் 1893 வரை இந்தியாவிற் படைத்தலைவராயிருந்த றொபேட்ஸ் பிரபு, பழைய கன்ரீனுக்குப் பதிலாக, வாசிப்பறையும் சிற்றுண்டிச்சாலையும் விளையாட்டறையும் கொண்ட படைப்பிரிவு மன்றங்களை வளர்த்தார். எனினும், இவை பிரித்தானிய வீரருக்கே பெரிதும் பயன்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ சிறு உதவித்தொகை பெற்றுத் தாமே அமைத்த குடிசைகளில் வாழ்ந்தனர்.

வாணிகத்தின் பிடி எளிதில் தளரவில்லை. 1894 இல் அதிகாரிகள் சிலர் கூட்டுறவு முறையிற் கன்ரீன் சங்கமொன்றை நிறுவினர். 1914 இலோ, கன்ரீன் ஒப்பந்தங்களுக்காக இலஞ்சம் வழங்கிய வணிக நிறுவன அலுவலரும் அதனைப் பெற்ற அதிகாரிகளும் இலண்டனில் நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டனர். முதலாம் உலக யுத்தத்தின் பட்டறிவுக்குப்பின், 1921 இல் நாபி எனப்படும் பொது நிறுவனம் இயங்கத் தொடங்கியது. அதன் மிகுதி வருவாய் வீரரின் நலனுக்கே உரியதாயிற்று.

அந்த யுத்தத்தின்போது பெல்ஜியத்தின் பொப்பறிங்கே நகரில், 1915 டிசெம்பரிற் பிலிப் கிளேற்றன் என்னும் குருவானவர் திறந்த தல்பொற் இல்லம் தனிச்சிறப்புடையது. அவ்வீட்டில் அதிகாரியென்றும் சிப்பாயென்றும் வேறுபாடு இல்லை. நூல் இரவல் பெறுவோன் தன் தொப்பியைப் பிணையாக வைத்துச் செல்வான். பிரான்சுக்கு அனுப்பப்பட்ட இந்திய வீரருக்கும் வாலிபக் கிறிஸ்தவ சங்கம் குடில்கள் அமைத்தது. மதப்பிரசாரம் செய்வதில்லை என்னும் நிபந்தனையின்மேலேயே அதற்கு அனுமதி கிடைத்தது. எழுத்தறியாதோர் அங்கே பிறரைக்கொண்டு தம் ஊருக்குக் கடிதம் எழுதுவித்தனர். அச்சங்கத்தின் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளராக 1916 இற் பொறுப்பேற்ற முதல் இந்தியர் சேலத்திற் பிறந்த கே. ரி. போல் என்பது தமிழர் நினைக்கத்தக்கது.

கசையடி 1881 இல் ஒழிந்தது. அது நூற்றாண்டுக்காலம் சாதிக்காததை ஒரு வாசிப்பறையும் ஒரு கோப்பிக் கோப்பையும் ஒரு காசுக்கட்டளையும் சில மாதங்களிற் சாதித்துக் காட்டின. ஒரு கூட்டத்தாரின் பிறவிக்குணம் என்று கூறப்படுவது பலவேளைகளில் அவருக்கு விதிக்கப்பட்ட வாழ்க்கையின் விளைவே என்பது இவ்வரலாறு புகட்டும் பாடமாகும். மாந்தர் குழுவொன்றைக் குறைகூற முற்படுவோர், அவருக்கு வேறு வழி எப்போதேனும் திறந்துவைக்கப்பட்டதா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.